எடையும் இடையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர்க்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உடற்பருமன் என்றதும் நாம் எடைக் கருவியையே நினைக்கிறோம். கிலோகிராமில் எடுத்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். இக்கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய நாட்டுக் கெட்லே மருத்துவர் அல்லர், புள்ளியியல் வல்லுநர். மக்கள் கூட்டத்தின் பொதுத்தன்மையை அறியவே அவர் இதனைக் கண்டார். மூட்டை சுமந்து இறுகிய தசையும் எடைதான். உட்கார்ந்தே வளர்த்த தொந்தியும் எடைதான். இரண்டையும் பிரித்தறிய இவ்வெண்ணால் இயலாது.

இதற்குச் சான்று ஒன்றுண்டு. 2004-ஆம் ஆண்டில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடலளவுகளையே 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவர்க்கும் உடல் நிறை எண் 22.3. உடற்கொழுப்போ, யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, நம் நாட்டவர்க்கு 21.2!

மெலிந்த கைகால், முன்தள்ளிய வயிறு: நம் சிற்றூர்களில் இத்தோற்றம் புதிதன்று. தொந்தியைச் செல்வச் செழிப்பாகக் கொண்டாடுவோரும் உளர். ஆனால் வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்து தங்கும் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுத்து, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிகோலுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், உடல் நிறை எண்படி பருமனானோர் நூற்றுக்கு 28.6 பேர், வயிற்றுப் பருமன் உடையோரோ 39.5 பேர். எடையை மட்டும் நம்பினால் நம் கண்ணுக்குத் தப்புவோர் எத்துணைப் பேர்!

கொழுப்பை நேரே அளக்கும் 'டெக்சா' கருவி பெருமருத்துவமனைகளுக்கு உரியது. நமக்குத் தையற்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, ஆடையை விலக்கி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளத்தல் வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளப்பது பிழை. தொந்திக்குக் கீழே கட்டுவோர்க்கு அது குறைத்தே காட்டும். நாடாவைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வோரும் உண்டு. சற்றுப் பேச்சுக் கொடுத்து அளவெடுப்பது நலம்! பெண்களைப் பெண்களே அளக்கட்டும்; கருவுற்றோர்க்கு இவ்வளவு பொருந்தாது.

ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மவர்க்குரிய வரம்பு. நாடா கிடைக்காவிடில், தம் உயரத்தின் அளவு கயிற்றை எடுத்து இரண்டாக மடித்து இடையைச் சுற்றுக. முனைகள் எட்டவில்லையெனில் எச்சரிக்கை வேண்டும்.

வரம்பு மீறியவரை நோயாளி என முத்திரை குத்தலாகாது. அவர் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சோதித்துக்கொள்ள வேண்டியவர் என்பதே பொருள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் சகோதரிகள் வீடு தேடி வரும்போது, "நான் ஒல்லிதானே, எனக்கெதற்கு?" என்று விலகுவோரையே முதலில் அளந்து பார்த்தல் வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மேசைமீது ஓர் அளவு நாடா இருக்கட்டும். முதலில் ஊராட்சித் தலைவரும் அலுவலராகிய நாமும் அளந்துகொள்வோம், எக்காமல்!