பதினாறு மணி நேரம் என்று நான் சொன்ன கணக்கு
(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் சங்கரன்கோவிலில் இப்போது பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில்தான். அதனால் ஒரு கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். பேங்க்கில் கூட்டிக் கழித்தே காலம் தள்ளிய நான் தப்பாகப் போட்ட கணக்கு இது.

என் பெரியண்ணன் ஒரு திங்கள்கிழமை அதிகாலை 4 மணிக்குத் தவறிப்போனார். மகன் சான் பிரான்சிஸ்கோவில். "துபாய்க்குப் பதினாறு மணி நேரம், அங்கேயிருந்து நாலு மணி நேரம். நாளைக் காலைக்குள் வந்துவிடுவான், 10 மணிக்கு எடுத்துவிடலாம்" என்று சொன்னது நான்தான். டிக்கெட் போடும் முன்பே விருதுநகர், தூத்துக்குடி சொந்தங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நடந்தது என்ன? நமக்குத் திங்கள் அதிகாலை 4 என்றால் அவனுக்கு ஞாயிறு பிற்பகல் மூன்றரை. கிடைத்த விமானம் இரவு 9 மணிக்கு. நம் நேரம் திங்கள் காலை ஒன்பதரை. துபாயில் எட்டு மணி நேரம் காத்திருப்பு. திருவனந்தபுரத்தில் இறங்கும்போது செவ்வாய் மதியம் ஒன்றரை. இமிக்ரேஷன், பெட்டி, பிறகு செங்கோட்டை வழியாக நாலு மணி நேரக் கார். வீட்டு வாசலுக்கு வந்தபோது மாலை ஆறரை. மொத்தம் முப்பத்தெட்டரை மணி நேரம். பொழுது சாயும் முன் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிக்க, 4 மணிக்கே எடுத்துவிட்டோம். அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பந்தலில் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மதினிதான் இன்றுவரை கேட்கிறார்கள்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். மதுரையிலிருந்து துபாய் சுமார் 3,000 கி.மீ., கிட்டத்தட்ட 4 மணி நேரம். காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது கடிகாரம் 12.30 காட்டும், இரண்டரை மணி நேரம்தான் போலிருக்கும். திரும்பும்போது அதே பயணம் ஐந்தரை மணி நேரமாகத் தெரியும்.

கிலோமீட்டரை மட்டும் நம்பியும் பயனில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. 13,900 கி.மீ. தூரம் 15,300 ஆனது. ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, முன்பைவிடச் சீக்கிரம்! மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். (நம் ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புதிதில்லை.)

ஆகவே அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, பிள்ளைகளோடு அடுத்த முறை பேசும்போது அவர்கள் வீட்டுக் கதவிலிருந்து நம் வீட்டுக் கதவு வரை எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதி வையுங்கள். பாஸ்போர்ட் எப்போது காலாவதி, விசாவில் திரும்பிப் போகச் சிக்கல் உண்டா என்பதையும் கேளுங்கள். அபசகுனம் என்று நினைக்காதீர்கள். நகல் ஒன்றைப் பக்கத்து வீட்டிலும் கொடுங்கள். அந்த நேரத்தில் நமக்குக் கை ஓடாது.

என் மகள் லண்டனில். அங்கிருந்து சென்னை சுமார் 8,200 கி.மீ., நேரடி விமானத்தில் பத்து மணி நேரம் சொச்சம். எங்கள் வீட்டு பீரோவில் ஒட்டியிருக்கும் தாளில் நான் எழுதியிருப்பது 28.