தலையில் ஒட்டும் கம்பிகள்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மூளையைப் பற்றியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர்கள் ஊருக்கு வரும்போது, ‘பிரெயின் மேப்பிங்’ என்றும் ‘நியூரோஃபீட்பேக்’ என்றும் இரண்டு சொற்களை அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முன்னதை மூளை வரைபடம் என்றும், பின்னதை மூளையலைப் பயிற்சி என்றும் நாம் தமிழில் சொல்லிக்கொள்வோம். “தலையில் கம்பியை ஒட்டி மூளையைப் படம் பிடிக்கிறார்களாம், படிப்பில் கவனம் இல்லாத பிள்ளையை விளையாட்டுக் காட்டியே தேற்றிவிடுகிறார்களாம்” என்று பேச்சு அடிபடுகிறது.

இதைக் கேட்கும் தாய்க்கு ஆசையும் வருகிறது, அச்சமும் வருகிறது. தலையில் மின்சாரம் பாய்ச்சுவார்களா? பிள்ளைக்கு வலிக்குமா? மனத்தில் உள்ளதை இயந்திரம் படித்துவிடுமா? எத்தனை வெள்ளி கேட்பார்கள்? போட்ட பணத்துக்குப் பலன் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை காண்போம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிக மெல்லிய மின்சாரத்தால். அந்த மின்சாரம் அலை அலையாகத் தலைத் தோல் வரை வந்து சேர்கிறது. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் என்பவர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் இந்த அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதை உலகுக்கு வெளியிட்டார். அவர் வகுத்த வழியில் பிறந்ததுதான் இன்று மருத்துவமனைகளில் ‘ஈ.ஈ.ஜி.’ என்று சொல்லப்படும் மூளையலைப் பதிவு.

டார்ச் விளக்கில் போடும் ஒரு பாட்டரி ஒன்றரை வோல்ட். தலைத் தோலில் கிடைக்கும் மூளையலை பெரும்பாலும் அதில் 15,000இல் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதில்லை. இவ்வளவு மெல்லிய அலையைக் கேட்பதற்குத்தான் கம்பிகளை ஒட்டுகிறார்கள். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்து இதயத் துடிப்பைக் கேட்பதைப் போன்றதுதான் இதுவும். கம்பி வழியாக எதுவும் தலைக்குள் போவதில்லை. தலையிலிருந்து வருவதை மட்டுமே கருவி வாங்கிக்கொள்கிறது. ஆகவே மின்சார அதிர்ச்சி என்ற அச்சத்துக்கு இடமில்லை. மனத்தில் ஓடும் எண்ணங்களையோ இரகசியங்களையோ இந்தக் கருவியால் படிக்கவும் முடியாது.

சோதனைக்குச் செல்லும் நாளில் என்ன நடக்கும்? முதல் நாள் இரவே பிள்ளையின் தலையை நன்றாக அலசிவிட வேண்டும். வெளியூர்ப் பயணம் என்றால் நம் தாய்மார்கள் தேங்காயெண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி, பூவும் வைத்து அனுப்புவது வழக்கம். அன்று ஒரு நாள் மட்டும் அது வேண்டாம். எண்ணெய் இருந்தால் வில்லைகள் ஒட்டா. அலையும் சரியாகக் கிடைக்காது. வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. தேநீர், காப்பியைத் தவிர்ப்பது நல்லது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவர் நிறுத்தச் சொன்னாலன்றி, வழக்கம்போலவே சாப்பிட வேண்டும். சில சமயம், முந்திய இரவு குறைவாகத் தூங்கிவிட்டு வரும்படி சொல்வார்கள். தூக்கக் கலக்கத்தில் சில அலைகள் தெளிவாகத் தெரியும் என்பதே காரணம்.

அங்கே போனதும் நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் சிறு குறிகள் இடுவார்கள். பிறகு காசு போன்ற சின்னஞ்சிறு உலோக வில்லைகளை, ஏறத்தாழ இருபதை, பசை தடவி ஒட்டுவார்கள். முடியை மழிப்பதில்லை. ஊசி குத்துவதில்லை. படுக்கவைத்து, கண்ணைத் திற, மூடு என்பார்கள். சில நிமிடங்கள் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். சிறு பிள்ளையாக இருந்தால் கையில் ஒரு காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வதும் உண்டு. கண்ணெதிரே ஒரு விளக்கு விட்டுவிட்டு மின்னும். இவ்வளவுதான் சோதனை. ஒட்டுவது, பதிவது, கழற்றுவது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். வீட்டுக்கு வந்து வெந்நீரில் தலை அலசினால் பசை போய்விடும்.

இந்தச் சோதனையால் நமக்கு என்ன நன்மை? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். பாடம் நடக்கும்போது சில விநாடிகள் அசையாமல் வெறித்துப் பார்க்கிறாள். இமை மட்டும் இலேசாகத் துடிக்கிறது. கூப்பிட்டாலும் தொட்டாலும் உணர்வதில்லை. பிறகு ஒன்றும் நடவாதது போல விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குகிறாள். ஒரு நாளில் இப்படிப் பல முறை நடக்கிறது. ஆசிரியர், “கனவு காண்கிறாள்” என்று கண்டிக்கிறார். வீட்டில், “மந்தம்” என்கிறார்கள். அக்கம்பக்கத்தில், “காற்றுக் கருப்பு அடித்திருக்கும், மந்திரிக்க வேண்டும்” என்கிறார்கள். உண்மையில் அது வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம். கை கால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு அல்ல. இப்படி நினைவு மட்டும் சில விநாடி விட்டுப்போவதும் வலிப்புத்தான். காற்றாடியை ஊதும்போது இந்தச் சிறுமியின் மூளையலை விநாடிக்கு மூன்று முறை கூர்கூராக எழுந்து காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு நல்ல மருந்து உண்டு. பல பிள்ளைகள் வளர வளர இதிலிருந்து முற்றிலும் விடுபடுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். இந்தச் சிறுமிக்குக் கவனக் குறைவு என்று நாமே முடிவு கட்டி, நேரே பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தால் என்ன ஆகும்? பணமும் போகும், காலமும் போகும். மருந்தால் நிற்க வேண்டிய வலிப்பு நிற்காமல் தொடரும். ஆகையால் முதலில் மருத்துவர், அவர் சொன்னால் சோதனை, அதற்குப் பிறகே பயிற்சியைப் பற்றிய பேச்சு. இன்றைய உரையில் வேறு எது மறந்தாலும் இந்த வரிசையை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை எடுத்த ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தது என்பதாலேயே வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. பதிவு செய்த அந்த நேரத்தில் அலை அமைதியாக இருந்திருக்கலாம். வீட்டில் நீங்கள் கண்ணால் கண்டதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்வது இயந்திரத்தின் பதிவைப் போலவே முக்கியம்.

அடுத்து மூளை வரைபடம். ஈ.ஈ.ஜி. பதிவைக் கணிப்பொறியில் இட்டு, அதே வயதுடைய பலரின் அலைகளோடு ஒப்பிட்டு, எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டிக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிவப்பு இருக்கும் இடமெல்லாம் நோய் இருக்கும் இடம் அல்ல. கண் சிமிட்டினாலும், பல்லைக் கடித்தாலும், தூக்கம் வந்தாலும் படம் மாறும். 2013இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, கவனக் குறைவைக் கண்டறிவதில் மருத்துவருக்குத் துணையாக இருக்க இத்தகைய ஒரு கருவியை அனுமதித்தது. துணையாகத்தான் அனுமதித்ததே தவிர, மருத்துவரின் இடத்தில் அமர்த்தவில்லை. 2016இல் அந்நாட்டு நரம்பியல் மருத்துவர்களின் கழகமும், அலையை மட்டும் நம்பி நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்று எச்சரித்தது. வண்ணப் படத்தைக் காட்டி, “உங்கள் பிள்ளையின் மூளையில் இந்த இடம் கெட்டிருக்கிறது” என்று எவரேனும் சொன்னால், அந்தச் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். புதிதாகப் பால்மரம் சீவப் பழகுகிறவரைப் பாருங்கள். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோடு போனால் பால் வராது. அனுபவசாலி ஒருவர் அருகில் நின்று, “இது சரி, இது ஆழம்” என்று உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தால் கை விரைவில் பழகும். மூளையலைப் பயிற்சியின் கருத்தும் இதுதான். பிள்ளையின் தலையில் பட்டை ஒன்றைக் கட்டித் திரைக்கு முன் உட்கார வைப்பார்கள். திரையில் ஒரு விளையாட்டு. மனம் ஒருமுகப்பட்டால் திரையில் உள்ள பையன் ஓடுவான். மனம் சிதறினால் நின்றுவிடுவான். இப்படி மூளை தன்னையே பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் இருபது முதல் நாற்பது முறை வரை நடக்கும். சிலருக்குக் களைப்போ இலேசான தலைவலியோ வரலாம்.

இதைச் சிங்கப்பூரிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மனநலக் கழகத்தின் மருத்துவர் லிம் சூன் குவானும், டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியையும் ஏ-ஸ்டார் ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்த அறிஞர்களும் ‘கோகோலேண்ட்’ என்ற விளையாட்டை வைத்து, கவனக் குறைவு உள்ள 20 பிள்ளைகளிடம் செய்த ஆய்வை 2012இல் வெளியிட்டார்கள். பிறகு 6 முதல் 12 வயது வரையுள்ள 172 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு 8 வாரங்களில் 24 முறை பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. கவனக் குறைவை அளக்கும் 27 புள்ளி அளவையில், பயிற்சி பெற்றவர்களுக்குச் சராசரியாக 3.5 புள்ளி குறைந்தது. காத்திருந்தவர்களுக்கும் 1.9 புள்ளி குறைந்தது. முன்னேற்றம் இருந்தது, ஆனால் அது சிறியது.

இதோடு கதை முடியவில்லை. அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுள்ள 144 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. அங்கே ஒரு குழுவுக்கு உண்மைப் பயிற்சி. மற்றொரு குழுவுக்குப் பயிற்சி போலவே தோன்றும் போலிப் பயிற்சி. எது உண்மை, எது போலி என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. முடிவில் இரு குழுவுமே தேறியிருந்தன. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே பயிற்சியை மோசடி என்று தள்ளவும் வேண்டாம். மாமருந்து என்று நம்பவும் வேண்டாம். இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று மட்டும் எண்ணிப் பார்ப்போம். ஒழுங்கான நேரம், அருகில் அமர்ந்து ஊக்கம் தரும் பெரியவர், தேறுவோம் என்ற நம்பிக்கை. இவற்றை நம் வீட்டிலும் கொடுக்கலாம். இவற்றுக்கு விலை இல்லை.

சிங்கப்பூரில் எங்கே போவது? அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்கள் பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். அங்கிருந்து கடிதம் பெற்றுச் சென்றால் அரசு மருத்துவமனையில் கட்டணச் சலுகை உண்டு. பிள்ளைகளுக்கான கேகே மருத்துவமனை, தேக்காவில் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 1999இல் அமைந்த தேசிய நரம்பியல் கழகம், நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் உள்ளது. மனநலக் கழகம் புவாங்கோக்கில் உள்ளது; லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குத் தடத்தில் ரயில் மாறாமல் புவாங்கோக் நிலையம் வரை போகலாம். வெளிநாட்டவருக்குச் சலுகை இல்லை, முழுக் கட்டணம். ஈ.ஈ.ஜி. சோதனைக்காக மட்டும் தோட்டத்திலிருந்து கடல் கடந்து போக வேண்டியதில்லை. மலேசியாவிலும் இலங்கையிலும் பெரிய அரசு மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு. தோட்ட மருத்துவமனையில் சொன்னால் கடிதம் கொடுப்பார்கள்.

தனியார் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்வதென்றால், பணம் கட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளையை எந்த மருத்துவர் பார்த்து, என்ன நோய் என்று முடிவு செய்தார்? பயிற்சி கொடுப்பவர் எங்கே, என்ன படித்தவர்? ஒரு முறைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை முறை? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா? பலன் இருக்கிறது என்பதை எதை வைத்து, எப்போது அளப்பீர்கள்? நேராகப் பதில் சொல்லாத இடத்தில் வெள்ளியை எடுக்க வேண்டாம். ஜோகூர்த் தோட்டத்திலிருந்து போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 24 முறை என்றால் 24 நாள் பாலம் கடந்த பயணச் செலவு. பெற்றோர் ஒருவருக்கு 24 நாள் சம்பளம். கடன் வாங்கிச் செய்ய வேண்டிய வைத்தியம் அல்ல இது. பயிற்சியில் சேர்ந்துவிட்டோம் என்று வலிப்பு மாத்திரையையோ மருத்துவர் கொடுத்த வேறு மருந்தையோ நாமாக நிறுத்துவது பெரும் ஆபத்து.

நேயர்களே, கவனம் நிற்காத பிள்ளை சோம்பேறிப் பிள்ளை அல்ல. வெறித்துப் பார்க்கும் பிள்ளை பேய் பிடித்த பிள்ளையும் அல்ல. இன்று இரவு நம் பிள்ளையை நேரத்தோடு தூங்க வைப்போம். நாளை அரைமணி நேரம் அதன் அருகில் அமர்ந்து, என்ன செய்கிறது, எப்போது தடுமாறுகிறது என்று பார்ப்போம். பார்த்ததை ஒரு தாளில் நாளும் நேரமும் போட்டு எழுதி வைப்போம். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்வோம். நாம் எழுதிக் கொடுக்கும் அந்த விவரத்திலிருந்துதான் மருத்துவரின் வேலை தொடங்குகிறது.