கேள்விமனுவும் துணிவும்



2009 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆம் திகதி, விலை குறித்த மூன்று உறைகள் பனாமா நகரில் பலர் முன்னிலையில் உடைக்கப்பட்டன. பனாமாக் கால்வாயிலே பெருங் கப்பல்களை ஏற்றி இறக்குதற்குப் புதிய மடைத்தொட்டிகளைக் கட்டும் வேலைக்கான கேள்விமனுக்கள் அவை. ஸ்பெயினின் சாசீர், இத்தாலியின் இம்பிறெஜிலோ ஆகிய கம்பனிகள் முன்னின்ற கூட்டு ஏறக்குறைய 312 கோடி டொலர் கேட்டிருந்தது. அமெரிக்காவின் பெக்டெல் முன்னின்ற கூட்டு கேட்டது 418 கோடி. மூன்றாவது கூட்டோ 598 கோடி என எழுதியிருந்தது. கால்வாய் அதிகாரசபை தானே கணித்து வைத்திருந்த தொகை 348 கோடி.

ஒரே இடம், ஒரே மண், ஒரே மழை. அவ்வாறிருக்க ஒருவர் கேட்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கை மற்றொருவர் கேட்டமைக்குக் காரணம் யாது?

வடிவமைப்பும் கொந்தராத்துக்காரரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தமையால் திட்டங்கள் வேறுபட்டன என்பது மெய்யே. ஆயினும் சீமெந்து, இரும்பு, கூலி ஆகியவற்றின் விலை எவருக்கும் பெரிதும் மாறுவதன்று. மாறுவது, அறியப்படாதவற்றுக்கென ஒதுக்கி வைக்கும் தொகை. பிறநாட்டில் வேலை எடுப்பவனுக்கு அறியப்படாதவை பல: நிலத்தடிப் பாறை, நாணய மாற்று, அந்நாட்டுத் தொழிற் சட்டம், பிணக்கு எழுந்தால் எந்த மன்றத்தில் வழக்காடுவது என்பன. அஞ்சுபவன் இவை ஒவ்வொன்றுக்கும் விலை வைக்கிறான். துணிந்தவன் சிலவற்றைக் காணாதவன் போல் கடந்து செல்கிறான்.

இத்துணிவு எங்கிருந்து பிறக்கிறது? பிறவிக் குணம் என்று மட்டும் கூறிவிடல் இயலாது. இழப்பில் நிற்கும் மனிதன் அதனின்று மீளும் பொருட்டு, வேறு வேளையில் ஏற்கமாட்டாத அபாயத்தையும் ஏற்கத் தலைப்படுகிறான் என்று டானியல் கானமன், ஆமோஸ் த்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979 இல் எடுத்துக் காட்டினர். 2008 இல் ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் சரிந்தது. கடன் சுமை மிக்க அந்நாட்டுக் கம்பனிகளுக்கு வெளிநாட்டு வேலை உயிர்நாடியாயிற்று. சாசீர் குறைத்து எழுதியதில் இந்நெருக்கடிக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

மலிவை மட்டும் பார்த்தே வேலை கொடுக்கப்பட்டதென எண்ணுதல் நியாயமன்று. நுட்பத் தகுதிக்கு நூற்றுக்கு 55 பங்கும் விலைக்கு 45 பங்கும் வகுக்கப்பட்டிருந்தன. அக்கூட்டு இரண்டிலும் முதலிடம் பெற்றது.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. பலர் மதிப்பிடும்போது, மிகக் குறைத்து மதிப்பிட்டவனே வெல்கிறான். ஆதலின் பிழைபட மதிப்பிட்டவன் வெல்வதற்கே வாய்ப்பு அதிகம். மெக்சிக்கோக் குடாவில் எண்ணெய் நிலங்களுக்குப் போட்டியிட்ட கம்பனிகளை ஆராய்ந்த பொறியியலாளர் மூவர் 1971 இல் இதனை விளக்கினர். அங்கே மிக உயர்த்தி மதிப்பிட்டவன் வென்றான் என்பதே வேற்றுமை. ‘வென்றோன் சாபம்’ என இதனைக் கூறுவர்.

பனாமாவிலே சாபம் கருங்கல் வடிவில் வந்தது. அங்கே தோண்டிய கல் எதிர்பார்த்த தரத்தில் இல்லையென்றும், தக்க கொங்கிறீற்றுக் கலவையைப் பெறக் காலதாமதமாயிற்று என்றும் கொந்தராத்துக்காரர் முறையிட்டனர். 2013 டிசெம்பர் இறுதியில் மேலும் 160 கோடி டொலர் கோரி, தராவிடில் வேலையை நிறுத்துவதாக அறிவித்தனர். அடுத்த பெப்ருவரியில் வேலை சில நாட்கள் நின்றே போயிற்று. 2014 இல் முடியவேண்டிய மடைகள் 2016 யூன் 26 ஆம் திகதியே திறக்கப்பட்டன.

வழக்கு அதன் பின்னும் நீண்டது. 2020 இல் நடுவர் மன்றம் கல், கொங்கிறீற்றுப் பற்றிய கோரிக்கையிற் பெரும் பகுதியைத் தள்ளியது. கொந்தராத்துக்காரர் முன்னர் பெற்ற பணத்தில் இருபது கோடி டொலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெக்டெல் எழுதிய 418 கோடி போதுமானதாய் இருந்திருக்குமா என்பதை அறிய இனி வழியில்லை. அந்தக் கல்லை அவர்கள் உடைத்துப் பார்க்கவில்லை.