எல்லை தாண்டும் மின்சாரம்



அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காற்று பலமாக வீசும். அந்தக் காற்றாலை மின்சாரம் தேவைப்படுவதோ மேற்கே, அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும். சன்சியா என்ற சுமார் 550 மைல் மின்பாதைக்கு 2006-இல் திட்டம் போட்டார்கள். கட்டுமானம் தொடங்கியது 2023-இல்.

ஏன் இத்தனை தாமதம்? மாநில எல்லை தாண்டும் எரிவாயுக் குழாய்க்கு மத்திய அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமே வழித்தட ஒப்புதல் தந்துவிடும். 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அது. மின்பாதைக்கு அப்படியில்லை. கடக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே அனுமதி கேட்டு நிற்கவேண்டும். மத்திய அரசின் நிலம் குறுக்கிட்டால் சுற்றுச்சூழல் ஆய்வு வேறு. சன்சியா விஷயத்தில், கோபுரங்கள் ஏவுகணைச் சோதனைக்கு இடைஞ்சல் என்று ராணுவமும் ஆட்சேபித்தது. சில மைல் தூரம் மண்ணுக்கடியில் கம்பி போடுவதாகச் சமரசம் பேசி, 2015-இல் மத்திய அரசின் ஒப்புதல் வாங்கினார்கள். 2018-இல் நியூ மெக்சிகோ மாநில ஆணையம் மறுத்துவிட்டது. பிறகு வழியையே மாற்றி, மறுபடி ஆய்வு.

மாநிலம் இழுத்தடித்தால் மத்திய ஆணையம் தலையிடலாம் என்று 2005-இலேயே சட்டம் வந்தது. ஒப்புதலை ஓராண்டுக்கு மேல் 'நிறுத்திவைத்தால்' என்பது அதன் வாசகம். மாநிலம் நேரடியாக மறுத்துவிட்டால்? அது இதில் சேராது என்றது 2009-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். சட்டத்தின் பல்லே போயிற்று. 2021-இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அப்போதும், எரிசக்தித் துறை தேசிய முக்கியத்துவம் உள்ளதென அறிவிக்கும் தடங்களுக்கு மட்டுமே அந்த அதிகாரம்.

இந்த அதிகாரம் வேண்டியதே என்பது என் கருத்து. ஆனால் நடுவிலுள்ள மாநிலத்தின் கவலையும் நியாயமானது. கோபுரம் அதன் வயலில்; மின்சாரம் வேறு ஊருக்கு. 2024 மே மாதம் மத்திய ஆணையம் வெளியிட்ட விதி இதை உணர்ந்திருக்கிறது. மாநிலத்துக்கு முதலில் ஓராண்டு அவகாசம். நில உரிமையாளரிடம் நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் நெறிமுறை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

உள்ளூர் மக்களைக் கேட்காமல் போனால் வழக்கு பின்னாலேயே வரும். சன்சியா கடந்துபோகும் அரிசோனாவின் சான் பெட்ரோ பள்ளத்தாக்கு தங்கள் முன்னோர் வாழ்ந்த புனித பூமி, தங்களிடம் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று டொஹோனோ ஓதாம் பழங்குடியினரும் சான் கார்லோஸ் அப்பாச்சியினரும் 2024-இல் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் வழக்கை விசாரிக்கவேண்டும் எனத் திருப்பி அனுப்பியது. கோபுர வேலை அதற்குள் வெகுதூரம் போய்விட்டது.