அலைபரப்பியும் அண்டை வீடும்



லயத்திலே சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்கள் நாம். இன்று நம்மில் பலர் ஜோர்ஜ் டவுன் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறோம். செய்தி நேரத்தில் தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒலிபெருக்கிப் பெட்டியில் யாரோ பேசும் குரல் புகுகிறது. மேல் மாடிக்காரர் ஏரியல் கட்டி வானொலியில் பேசுகிறவர் என்றால், அவர்மேல் கோபம் வருவது இயல்பே. ஆனால் கோபத்துக்கு முன்னே காரணத்தைத் தேடுவோம்.

அவர் அமெச்சூர் வானொலியாளர். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதியும் அழைப்புக்குறியும் பெற்றே அவர் பேச வேண்டும். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் பினாங்குக் கரையையும் ஆழிப்பேரலை தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று, அந்தமானின் போர்ட் பிளேரில் தொலைபேசிகள் செயலிழந்தன. அங்கே வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் இத்தகைய கருவியால்தான் உறவினர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

சரி, தொல்லை எப்படி வருகிறது? ஒலிபெருக்கியின் நீண்ட கம்பியே ஏரியலாகி அலையைப் பிடித்துவிடும். சத்தத்தைக் குறைத்தும் அந்தக் குரல் குறையவில்லையா? பெரும்பாலும் அலை அந்தக் கம்பி வழியே நுழைகிறது. கடையில் கிடைக்கும் ஃபெரைட் வளையத்தில் கம்பியைச் சில சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். தொலைக்காட்சியில் தொல்லை என்றால், ஏரியலோடு சேர்த்த பூஸ்டர் திணறுவது ஒரு காரணம். பூஸ்டருக்கு முன் ஒரு வடிகட்டி பொருத்தினால் பயன் உண்டு.

முதலில் ஒரு வாரம், தொல்லை வந்த நாளையும் மணியையும் குறித்து வைப்போம். பிறகு அந்தத் தாளோடு அவரிடம் போய், "அண்ணே, நீங்கள் பேசிய நேரத்தோடு ஒத்துப் பாருங்கள்" என்று கேட்போம். அவர் பேசியும் நிறுத்தியும் காட்டட்டும். நாம் கீழே கவனிப்போம். அவர் பேசாத வேளையிலும் தொல்லை இருந்தால், நம் வீட்டு மலிவான எல்.இ.டி. விளக்கையோ கைப்பேசிச் சார்ஜரையோ ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். குற்றவாளி அங்கேயே இருக்கலாம்.

அவர் பேசும்போதுதான் தொல்லை என்று தெரிந்தால், அவரும் தம் கருவியைச் சோதித்து, அலையின் வலுவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அது அவர் கடமை.

அவருடைய கம்பியை அறுப்பதோ, மின்கருவியை நாமே திறப்பதோ வேண்டாம், உயிருக்கே ஆபத்து. இருவரும் முயன்றும் தீராவிட்டால், அந்த நேரக் குறிப்போடு ஆணையத்திடம் முறையிடலாம்.