தராசும் நோட்டும்



மட்டாஞ்சேரிக்குத் தராசு புதிதல்ல. மிளகும் சுக்கும் ஏலக்காயும் எடை போட்டு விற்ற ஊர் இது. எழுத்தும் புதிதல்ல. மட்டாஞ்சேரி இருக்கும் எறணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றது. இந்தியாவிலேயே முதல் மாவட்டம் இதுதான்.

தராசும் எழுத்தும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் வலிப்பைக் குறைக்க உதவும். எப்படி?

வலிப்பு மூளையில் உண்டாகும் நோய். பேய் பிடிப்பதால் வருவதல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. பத்தில் ஏழு பேருக்கு மருந்திலேயே அடங்கும். இரண்டு மூன்று மருந்து கொடுத்தும் அடங்காத குழந்தைகளும் உண்டு. அவர்களில் சிலருக்கு மருத்துவர் கீட்டோஜெனிக் உணவைச் சொல்வார். 1921 முதல் இந்த முறை உலகில் இருக்கிறது.

இதில் கொழுப்பு மிக அதிகம். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகக் குறைவு. அப்போது உடல் கொழுப்பை எரிக்கும். கீட்டோன் என்ற பொருள் உண்டாகும். இந்த நிலையில் பல குழந்தைகளுக்கு வலிப்பு குறைகிறது.

கண்டிப்பான முறையில் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து 1 கிராம்தான். புட்டு, கப்பக்கிழங்கு, நேந்திரம்பழம் கூடாது. தேங்காய் எண்ணெய், முட்டை, மீன் உண்டு. அவற்றையும் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். கண்ணளவு போதாது.

பெற்றோர் இதைச் சரியாகச் செய்கிறார்களா என்று எப்படி அறிவது? நான்கு அளவுகள் உண்டு.

ஒன்று, உணவு நோட்டு. கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

இரண்டு, சிறுநீர்ப் பட்டை. கீட்டோன் இருந்தால் அதன் நிறம் மாறும்.

மூன்று, வலிப்புக் கணக்கு. வந்த நாள், நேரம், நீடித்த நிமிடம்.

நான்கு, குழந்தையின் எடை, உயரம், இரத்தப் பரிசோதனை.

ஒரு தாய் எல்லாவற்றையும் அளந்து கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு ஒரு பழம் கொடுக்கிறார். குழந்தை தின்றுவிடுகிறது. இரவில் வலிப்பு வருகிறது. "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று வீட்டார் ஏசுவார்களே! அதற்குப் பயந்து தாய் பழத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? உணவு முறையே பலிக்கவில்லை என்று மருத்துவர் நினைப்பார். நல்ல வழி ஒன்று அடைபட்டுப் போகும். எழுதினால் காரணம் தெரியும்.

படித்தவர்களால்தான் இது முடியுமா? இல்லை. டில்லி மருத்துவர்கள், படிப்புக் குறைந்த பெற்றோருக்காகவே சற்றுத் தளர்ந்த உணவு முறை ஒன்றை எளிமையாக்கினார்கள். அதன் முடிவு 2016-இல் வெளிவந்தது. மூன்று மாதம் அந்த உணவை உண்ட 41 குழந்தைகளில் 23 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. அந்த உணவு இல்லாத 40 பேரில் 3 பேருக்கே அப்படிக் குறைந்தது.

எச்சரிக்கை: இதை வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. பிறவிக் குறைபாடு சில உள்ள குழந்தைகளுக்கு இது ஆபத்து. முதலில் பரிசோதனை தேவை. வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருந்துப் பாகிலும் சர்க்கரை இருக்கும். சீட்டைப் படித்துப் பாருங்கள்.

நோட்டு தாய்க்கு வைக்கும் பரீட்சை அல்ல. தவறினாலும் எழுதுங்கள். தந்தையும் நிறுக்கட்டும், எழுதட்டும். அக்கம்பக்கத்தாரே, தாயைக் கேட்டுவிட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள்.