கையெழுத்துப் போடாதவர் யார்?

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் பேசியது)



"பழைய கதை வேண்டாம்ப்பா, ஏதாவது உபயோகமாப் பேசு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பத்திரம் பார்த்தே காலம் தள்ளியவன் நான். அதனால் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுகிறேன். ஆனாலும் ஒரு பழைய கதை வந்துதான் தீரும்.

1996-ல் சென்னைக்குத் தெற்கே ஒரு மனை வாங்கினேன். அண்ணன் தம்பி மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். 30 வருட வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. 2003-ல் வீட்டுக்கு நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. அந்த மூவருக்கும் ஒரு அக்கா இருந்தார்! தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துபோன சொத்து அது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்த அம்மாள் கேட்டது நியாயம். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்காதது என் தப்பு. ஆறு வருடம் அலைந்து, அவர் பங்குக்குத் தனியாகக் கிரயம் வாங்கினேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. ஊரார் பத்திரத்தையெல்லாம் புரட்டியவன், சொந்தப் பத்திரத்தில் கோட்டை விட்டேன்.

வில்லங்கச் சான்றிதழ் பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது; விடுபட்ட வாரிசும் வரமாட்டார். ஆகவே மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து எப்படிக் கை மாறியது என்று வரிசையாகப் பாருங்கள். நகலை நம்பாமல் அசலைக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பவர் வாங்கியவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று விசாரியுங்கள். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம். உங்கள் வக்கீலுக்கு நீங்களே பீஸ் கொடுங்கள்.

மனையென்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் முக்கியம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மனையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவர்கள் பலர்.

அடுக்குமாடி வீடென்றால், பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்பதே முதல் கேள்வி. 4800 சதுர அடி மனையில் ஒரே அளவில் 8 வீடுகள் என்றால் தலைக்கு 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்தில் 450 என்றிருந்தால், மீதி எங்கே ஐயா என்று கேளுங்கள். கட்டடம் பழசாகும், நிலம்தான் நிற்கும்.

2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குபவருக்கு நல்ல துணை. பதிவான திட்டத்தில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால், கட்டியவர் செலவில் சரி செய்து தரவேண்டும். ஆனால் நான் சொன்ன எட்டு வீட்டுக் கட்டடம் போன்ற சின்னத் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. அங்கே நம் கண்தான் காவல்.

கையிருப்புக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்குபவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

இன்னொன்று. இடத்தை மழைக்காலத்தில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை, உள்ளதைச் சொல்லுவார்.

தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடுகிறவர்களை எண்ணினால் மட்டும் போதாது. போடாதவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் 1996-ல் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பத்திர நகல் கொண்டுவந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், மூக்குக் கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.